வெயில் கிழித்த கோடு

இதை நான் சரியாகத்தான் ஞாபகம் வைத்திருக்கிறேனா என்பது எனக்கே சந்தேகம். வருஷம் முப்பத்து மூன்றா, முப்பத்து நான்கா என்று இப்போது சொல்ல முடியவில்லை. மாதம் மார்கழி, வெயிலைப் பற்றிய விவகாரம் என்பதால் மாதத்தை மறக்க வழியில்லை. சிவனாண்டி சொன்னதாக நான் எழுதப்போகும் கிண்டல்களில் சிலவற்றை அவன் வேறு நாட்களில் சொல்லியிருக்கலாம். சிலவற்றை நானே பிற்பாடு, தனியாக இருந்த சாயங்காலங்களில், அவன் குரலில் சொல்லிப் பார்த்திருக்கலாம். பலகையில் இருந்த கோட்டின் நீளம் ஒன்றரை அங்குலம். அதில் மட்டும் தவறு இல்லை. அதை நான் அளந்தேன்.

அப்போது மதுரை டவுன் ஹால் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடை இருந்தது. மாற்றுக் கல், திருத்திய கையெழுத்து என்று இரண்டு மூன்று வழக்குகளில் பூதக்கண்ணாடியோடு போய் வக்கீல்களுக்கு உதவியதில் 'துப்பு பாய்' என்று ஒரு பெயர் ஒட்டிக்கொண்டது. என் சொந்தப் பெயர் ஜலால். சாணைச் சக்கரம் சுற்றவும், துப்பு என்று வந்தால் கூட நடக்கவும் சிவனாண்டி இருந்தான். முப்பது வயது, பெரிய மீசை, அதைவிடப் பெரிய வாய். நாகமலைக்கு மேற்கே ஊர். அவன் சாதி ஆண்கள் போலீசில் கைரேகை பதிந்து, ஒவ்வொரு ராத்திரியும் ஊர்ச் சாவடியில் ஆஜராகிப் போலீஸ் கண் முன்னால் படுக்க வேண்டும் என்று அன்றைக்குச் சட்டம். வெளியே போனால் ராதாரிச் சீட்டு என்ற அனுமதிச் சீட்டு வேண்டும். போன இடத்துப் போலீஸ் அதில் வந்த நேரமும் விட்ட நேரமும் எழுதும். அதனால் எங்கள் துப்பெல்லாம் நாலு மணி பஸ்ஸுக்குள் முடிந்தாக வேண்டும்.

"ராசாவுக்குக்கூட இம்புட்டுக் காவல் கிடையாது பாய்" என்பான் சிவனாண்டி. "தூங்குறேனான்னு பார்க்க ஒரு ஆளு, குறட்டை விட்டாக் குறிச்சுக்கிட ஒரு நோட்டு."

ஒரு புதன்கிழமை காலையில் அவனுடைய அக்கா அன்னக்கொடி கடைக்கு வந்தாள். முகமெல்லாம் ஈரம்.

"அக்கா, அழுகாமச் சொல்லு. பாய்க்கு அழுகை புரியாது. அளவு சொன்னாத்தான் புரியும்."

"நான் எங்கடா அழுதேன்? பன்னெண்டு மைலு நடந்த வேர்வைடா இது" என்றாள்.

விஷயம் எனக்கு அரைகுறையாகத் தெரியும். அவள் புருஷன் பேயாண்டி மாட்டுவண்டியில் அடுப்புக்கரி கொண்டுவந்து பட்டறைகளுக்குப் போடுகிறவன். போன வாரத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை காலை, காஜிமார் தெருவில் கல் பதிக்கும் அப்துல் வஹீதின் பட்டறைக்கும் கரி போட்டிருக்கிறான். சாயங்காலம் ஊர் திரும்புகையில் விளாங்குடியில் வண்டி அச்சு முறிந்துவிட்டது. மாடுகளை விட்டுவிட்டுப் போக முடியாமல் அங்கேயே படுத்துவிட்டான். சாவடியில் ஆஜர் இல்லை. சனிக்கிழமை காலை அப்துல் வஹீது போலீசில் புகார் கொடுத்தார்: பெரிய இடத்துக் கல்யாணத்துக்காகப் பதிக்கக் கொடுத்திருந்த கெம்புக்கல் பதக்கம் ராத்திரியில் களவு போய்விட்டது. பூட்டு உடையவில்லை. பட்டறைக்கு வந்துபோனவர்களில் ரேகைக்காரன் ஒருவன். அந்த ராத்திரி அவன் எங்கே படுத்தான் என்று கணக்கு இல்லை. மத்தியானத்துக்குள் பிடித்துவிட்டார்கள்.

"நாளைக்கு விசாரணை" என்றாள் அன்னக்கொடி. "ரெண்டு வருசம் போட்டுருவாகன்னு வக்கீலு சொல்றாரு. பாய், அவரு எடுக்கலைன்னு மட்டும் நீங்க சொன்னாப் பத்தாது. எடுத்தது யாருன்னு சொல்லணும். இல்லாட்டி எங்க ஆளை விட மாட்டாய்ங்க."

இதை அவள் கெஞ்சலாகச் சொல்லவில்லை. சந்தையில் விலை சொல்வதுபோலச் சொன்னாள். பேயாண்டியின் ராதாரிச் சீட்டை முந்தானையிலிருந்து அவிழ்த்து என் மேஜைமேல் வைத்துவிட்டு, கடை வாசலிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

அப்துல் வஹீதை எனக்கு இருபது வருஷமாகத் தெரியும். ஜும்மாத் தொழுகையில் ஒரே வரிசையில் நிற்பவர்கள். அந்த வெள்ளிக்கிழமையும் அவர் என் வலப்பக்கம்தான் நின்றார்.

பட்டறை அவர் வீட்டின் முன்னறை. தெற்கே பெரிய ஜன்னல். மார்கழி வெயில் அதன் வழியாகச் சரிந்து வந்து, சுவரோடு ஆணி அறைந்திருந்த தேக்குப் பலகைமேல் விழுந்துகொண்டிருந்தது. இடுக்கி, அரக்குக் கோல், கல் டப்பிகள். பலகையின் நடுவில், நாலு விரல் உயர இரும்பு வளையத்தில், பச்சைத் துணி போர்த்திய உருண்டை ஒன்று.

"அது என்ன பாய், கோழியைக் கவுத்து வச்சிருக்காகளா?" என்றான் சிவனாண்டி.

"தண்ணிக் குடுவைப்பா" என்றார் வஹீது. அறுபது வயது, குனிந்தே வளைந்துபோன முதுகு. "சாயங்காலம் விளக்குக்கு முன்னாடி வச்சா வெளிச்சம் ஒரே இடத்துல சேரும். எள்ளு மாதிரிக் கல்லையும் பதிச்சுப்புடலாம். பகல்ல மூடி வைக்கணும். மறந்தா வெயில் பட்டுத் தீ புடிச்சிரும்."

"பதக்கத்தைக் கடைசியா எப்பப் பாத்தீங்கண்ணே?" என்று கேட்டேன்.

"வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு. பெட்டியில வச்சுப் பூட்டினேன். காலையில இல்ல."

"சாவி?"

"ஆணியில தொங்கும். தெரிஞ்ச வீடு, தெரிஞ்ச ஆளுக. யாரைத் தம்பி சந்தேகப்படுறது?"

"எங்க மச்சானைப் பட்டிருக்கீகளே" என்றான் சிவனாண்டி. "அதுக்கு மட்டும் ரோசனை வேண்டியதில்லையோ?"

வஹீது அவன் பக்கம் திரும்பவே இல்லை. மத்தியான லுஹர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று தொப்பியை எடுத்தார். நான் பட்டறையைப் பார்த்துவிட்டுப் பிறகு தொழுகிறேன் என்றேன். அவர் வாசல் வரை போனார், நின்றார், திரும்பி அந்தப் பச்சைத் துணியைப் பார்த்தார். பிறகு போனார். தெரு முனையில் அவர் தலை மறைவதற்குள் இன்னொரு முறை திரும்பி ஜன்னலைப் பார்த்தார்.

"பெட்டியைப் பார்க்கலை" என்றேன்.

"என்னது?"

"களவு போனது பெட்டியில. ரெண்டு பேரை உள்ள விட்டுட்டுப் போற மனுஷன் பெட்டியைப் பார்க்கலை. துணியை ரெண்டு தடவை பார்க்கிறார்."

சிவனாண்டி துணியின் ஓரத்தைத் தொட்டான். "புதுத் துணி பாய். கஞ்சி மொடமொடன்னு இருக்கு. இந்தப் பட்டறையில அரக்குப் படாத வஸ்து இது ஒண்ணுதான். உங்க சட்டையிலகூட இந்நேரம் பட்டிருக்கும்."

என் சட்டையில் பட்டிருந்தது. நான் பலகைமேல் குனிந்து விரல் நகத்தை மெதுவாக ஓட்டினேன். வளையத்துக்கு வடக்கே ஓரிடத்தில் நகம் வழுக்கியது. மரத்தின் சொரசொரப்பு நின்று, மயிரிழைபோல வழவழப்பு. வில்லாக வளைந்த மெல்லிய கோடு. பலகையின் நிறத்திலேயே அரக்கை உருக்கி அதில் ஊற்றி வழித்திருந்தார்கள். கெம்புக்கு அடியில் அரக்கு நிரப்பும் கைக்குத்தான் அந்தச் சுத்தம் வரும்.

"பலகைக்கு எதுக்கு மீசை?" என்றான் சிவனாண்டி.

அளந்தேன். ஒன்றரை அங்குலம். பிறகு பச்சைத் துணியை எடுத்தேன். குடுவையில் தண்ணீர் கழுத்து வரை நிறைந்திருந்தது. ஜன்னல் வெயில் அதில் பட்டதும், பலகைமேல் மிளகளவு வெள்ளைப் புள்ளி ஒன்று விழுந்து புகைய ஆரம்பித்தது. என் கண்ணாடிக் கூட்டின் தகர மூடியை அதன் அடியில் வைத்தேன். புள்ளி தகரத்தின்மேல் நின்றது. கோட்டின் மேற்கு முனைக்கு இன்னும் அரை விரல் தூரம்.

"இது எப்படிப் பாய்? அம்புட்டு வெயிலும் ஒரு பொட்டுல வந்து உக்காருது?"

"வெயில் காத்துல நேராப் போகும். கண்ணாடிக்குள்ள, தண்ணிக்குள்ள நுழையும்போது மடங்கும். வெளிய வரும்போது மறுபடி மடங்கும். உருண்டையா இருக்கிறதால எல்லாம் உள்பக்கமா மடங்கி ஒரே இடத்துக்கு வருது. தண்ணியைக் கொட்டிட்டா இது வெறும் குடுவை, ஒண்ணும் பண்ணாது."

"கம்மாயில மீன் குத்துறவனுக்குத் தெரியுமே இது. மீனு தெரியுற எடத்துல குத்தினாச் சேறுதான் மாட்டும். அதுக்குக் கீழ குத்தணும்." மீசையைத் தடவினான். "இதுக்குப் போயி நீங்க இங்கிலீசுப் புஸ்தகம் படிச்சு கண்ணைக் கெடுத்துக்கிட்டீகளே."

நான் கடிகாரத்தை எடுத்துப் பலகைமேல் வைத்தேன். சூரியன் மேற்கே நகர நகரப் புள்ளி கிழக்கே நகர்ந்தது. கண்ணுக்குத் தெரியாத வேகம், ஆனால் நிற்பதில்லை. மார்கழியில் பத்துப் பன்னிரண்டு நாளில் வெயிலின் பாதை அதிகம் மாறாது. அன்றைக்கு எந்த நேரத்தில் எங்கே விழுந்ததோ, இன்றைக்கும் அந்த நேரத்தில் அங்கேதான் விழும்.

புள்ளி கோட்டின் முனையைத் தொட்டது. தகரத்தை விலக்கினேன். அரக்கு கொப்புளித்தது, வாசனை வந்தது, உருகி விலகிய இடத்தில் அடியிலிருந்த கரி தெரிந்தது. ஒளித்துவைத்ததை வெயிலே மறுபடி திறந்தது.

மணி பன்னிரண்டு ஐம்பது.

"துணி இல்லாம இந்தக் குடுவை இருந்தது அந்த ஒரு நாள்தான்" என்றேன். "ஒரே கோடுதான் இருக்கு. பன்னெண்டு அம்பதுக்கு யாரோ பழைய துணியை எடுத்திருக்காங்க. அதுல எதையோ சுத்திக் கொண்டுபோயிருக்காங்க. துணி போனதுக்கப்புறம் வெயில் எழுத ஆரம்பிச்சிருக்கு. புள்ளி நகர்ற வேகத்துக்கு ரெண்டு மணி வாக்கில கோடு நிக்குது. அப்ப யாரோ வந்து மறுபடி மூடியிருக்காங்க."

சிவனாண்டி பேயாண்டியின் சீட்டை மடியிலிருந்து எடுத்து என்னிடம் நீட்டினான். அவனுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் எந்த மூலையில் எது எழுதுவார்கள் என்று தெரியும். பேயாண்டி, வெள்ளிக்கிழமை, நகரக் காவல் நிலையத்தில் ஆஜர் 12-30. அனுப்பப்பட்டது 2-10. கீழே ஏட்டின் கையெழுத்து.

"டேசன்ல நாலு மொழம் தள்ளி உக்கார வச்சு, வேணும்னே ஒண்ணரை மணி நேரம் காக்க வச்சிருக்காய்ங்க" என்றான் சிவனாண்டி. சிரித்தான். "பாத்தீகளா பாய், சர்க்காரு எங்க மச்சானுக்குச் சாட்சி எழுதிக் கையெழுத்தும் போட்டுக் குடுத்திருக்கு. தெரியாமச் செஞ்ச புண்ணியம்."

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. வஹீது உள்ளே கால் வைத்தார். திறந்த குடுவை, பலகையிலிருந்து எழும் நூல் புகை. அவர் எங்களைப் பார்க்கவே இல்லை. இரண்டே எட்டில் வந்து, தோளிலிருந்த துண்டை இழுத்துக் குடுவைமேல் போட்டார். அவசரத்தில் கை தடுமாறவில்லை. முன்பே ஒருமுறை அதே இடத்தில் அதே வேகத்தில் செய்திருந்த கை.

நான் பேசவில்லை. பேசாமல் இருந்தால் எதிராளி பேசிவிடுவான் என்பது இந்த வேலையில் நான் கற்றுக்கொண்ட ஒரே தந்திரம். சுவரில் ஒரு பல்லி நகர்ந்தது. தெருவில் ஒரு வண்டி போனது.

"அன்னிக்கும் இதே துண்டுதான் தம்பி" என்றார் வஹீது கடைசியில். அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"அப்ப, பகல்ல போச்சுன்னு உங்களுக்கு அன்னிக்கே தெரியும்."

"தெரியும்."

"எடுத்தது யாருன்னும் தெரியும். பூட்டு உடையலை. வீட்டு ஆம்பளைங்க எல்லாம் ஜும்மாவுல. எட்டு மணிக்குப் பெட்டியில பார்த்தேன்னு பொய் சொல்லியிருக்கீங்க. கோட்டுல அரக்கு ஊத்தியிருக்கீங்க."

"போலீஸ்காரங்கதான் கேட்டாங்க, ரேகைக்காரன் யாராச்சும் வந்தானான்னு" என்றார். "வந்தான்னு சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். மிச்சத்தை அவங்களே எழுதிக்கிட்டாங்க."

"பேனாவுக்கு மை ஊத்தினது நீங்கதானே" என்றான் சிவனாண்டி. இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை.

உள்கதவின் திரை விலகியது. அவருடைய மகள் நஜ்முன்னிசா. இருபத்திரண்டு வயது. முக்காட்டுக்குக் கீழே, என் கடையில் நான் தேய்த்துக் கொடுத்த கனமான கண்ணாடி. கிட்டப்பார்வைக் கண்ணாடிக்குள் கண் சிறுத்துத் தெரியும். எவ்வளவு கனமோ அவ்வளவு சிறிது. அவள் கண்கள் இரண்டு மிளகுபோல இருந்தன.

"நான்தான் எடுத்தேன் சாச்சா" என்றாள்.

"உள்ள போ" என்றார் வஹீது.

"போக மாட்டேன் அத்தா. பன்னெண்டு நாளா உள்ளதான் இருக்கேன்."

அவள் சொன்னது சின்னக் கதை. அந்தப் பெரிய இடத்து மாப்பிள்ளையை முதலில் பேசியது இவளுக்குத்தான். பெண் பார்க்க வந்த மாமியார் இவள் முகத்தைப் பார்த்து, "கண்ணு இம்புட்டுச் சின்னதா இருக்கே" என்று எழுந்துவிட்டாள். ஆறு மாதம் கழித்து வேறு பெண் நிச்சயமாயிற்று. அந்தப் பெண்ணுக்கான பதக்கத்தைப் பதிக்கச் சொல்லி இந்த வீட்டுக்கே அனுப்பினார்கள். வஹீது கூலிக்கு வேலை செய்கிறவர். வேண்டாம் என்று சொல்ல அவரால் முடியவில்லை.

"கண்ணாடியைக் கழட்டினா என் கண்ணு பெருசுதான் சாச்சா" என்றாள். "ஆனா கழட்டினா வந்தவங்க மூஞ்சி எனக்குத் தெரியாது. யாரைப் பார்த்துச் சிரிக்கணும்னு தெரியாதுன்னுதான் போட்டுக்கிட்டேன்."

நான் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அத்தா ராத்திரி ராத்திரி உக்காந்து ஒவ்வொரு கல்லாப் பதிச்சாங்க. நான் தேத்தண்ணி கொண்டாந்து வச்சேன். வெள்ளிக்கிழமை எல்லாரும் போனதும் எடுத்தேன். கையால தொடப் புடிக்கலை. அந்தத் துணியில சுத்திக் கொல்லைக் கெணத்துல போட்டேன். போட்டதும் பயமாயிருச்சு. உச்சி வெயில்ல அடியில தெரியுது. கை விட்டா எட்டுற மாதிரி. மூங்கில் கழியை விட்டேன். கழி முழுசும் போயிருச்சு. எட்டலை."

சிவனாண்டி கொல்லைக்குப் போய்க் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு வந்தான். "கெடக்கு பாய். கழுத்தளவு ஆழம்னு தெரியுது. அப்படின்னா ஒரு ஆளுக்கு மேல இருக்கும். இறங்கி எடுத்துர்றேன்."

"இறங்காதே" என்றேன். "நீ எடுத்தா, உன் மச்சான் போட்ட இடம் உனக்குத் தெரியும்னு எழுதுவாங்க."

அவன் யோசித்தான். "ஆமா. எழுதுவாய்ங்க."

"நான் வந்து சொல்றேன் சாச்சா" என்றாள் நஜ்முன்னிசா. "கோர்ட்டுல. அந்த ஆளு கரி போட்டப்ப எங்க அம்மாவுக்கு ஒடம்பு எப்படியிருக்குன்னு கேட்டுட்டுப் போனாரு. எனக்குத் தூக்கம் வரலை."

வஹீது என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, கோர்ட்டு ஏறின பொண்ணுக்கு அப்புறம் எந்த வாசல் தெறக்கும்? நாளைக்கு நானே வாரேன். பகல்லதான் போச்சு, நான் ராத்திரின்னு தப்பாச் சொல்லிட்டேன்னு சொல்லிர்றேன். பலகையைக் காட்டுங்க. சீட்டைக் காட்டுங்க. அவனை விட்டுருவாங்க. இவ பேரு மட்டும் வேண்டாம்."

நான் அவளைப் பார்த்தேன். அந்தச் சிறுத்த கண்கள் என் வேலை. பார்வை சரியாக வர வேண்டும் என்று அரை நாள் கூடுதலாகத் தேய்த்தேன்.

"நீ வர வேண்டாம்மா" என்றேன். "பலகையே போதும்."

சிவனாண்டி என்னை ஓரமாக இழுத்தான். "பாய், ரெண்டு ஆணிதான். பலகையை இப்பவே பேத்துத் தூக்கிக்கிருவோம்."

"நாளைக்குக் காலையில வக்கீலையும் ஒரு கான்ஸ்டபிளையும் கூட்டிட்டு வந்து, இருக்கிற இடத்திலேயே காட்டணும். பேத்தெடுத்தா அது வெறும் மரக்கட்டை. ஜன்னலும் குடுவையும் பலகையும் சேர்ந்தாத்தான் அது நேரம் சொல்லும்."

"அப்ப நீங்க இங்கேயே படுத்துக்கிடுங்க."

"வஹீது அண்ணன் வாக்குக் குடுத்துட்டாரே."

"நான் படுத்துக்கிடுவேன்" என்றான். "ஆனா நாளைக்கு நானும் மச்சான் பக்கத்துல கூண்டுல நிக்கணும்." மணியைப் பார்த்தான். மூன்று நாற்பது. "வாரேன் பாய். சாவடியில எனக்காகப் பாய் விரிச்சிருப்பாய்ங்க."

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வக்கீலோடும் கான்ஸ்டபிளோடும் போனேன். கதவைத் திறந்தது பக்கத்து வீட்டுக்காரர். வஹீது முன்னாலேயே கோர்ட்டுக்குப் போய்விட்டார் என்றார். ஜன்னல் திறந்திருந்தது. பலகை வெளேரென்று இருந்தது. முழுப் பலகையையும் ஒரே சீராக இழைத்திருந்தார்கள். சுருளெல்லாம் கூட்டி அள்ளியாயிற்று, தேக்கு வாசனை மட்டும் மிச்சம். குடுவை இல்லை. கிணற்றில் எட்டிப் பார்த்தேன். தண்ணீர் கலங்கி இருந்தது. நஜ்முன்னிசா விடிகாலை ரயிலில் திருநெல்வேலிப் பக்கம் மாமி வீட்டுக்குப் போய்விட்டாள் என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

கான்ஸ்டபிள் பலகையைத் தட்டிப் பார்த்தார். "நல்ல மரம்" என்றார்.

கோர்ட்டில் அப்துல் வஹீது சத்தியம் செய்துவிட்டுச் சொன்னார்: ராத்திரி எட்டு மணிக்குப் பதக்கத்தைப் பெட்டியில் பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. அதற்குப் பிறகு என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். குடுவை, வெயில், கோடு, பன்னிரண்டு ஐம்பது எல்லாவற்றையும் சொன்னேன். மாஜிஸ்டிரேட் பொறுமையாகக் கேட்டார். வஹீது வீட்டில் ஒப்புக்கொண்டதை நான் சொல்லவில்லை. அதைச் சொன்னால் அடுத்த கேள்வி எது என்று எனக்குத் தெரியும்.

சர்க்கார் தரப்பில் வழக்கை நடத்தியவர் எழுந்தார். "அந்தக் கோடு இப்போது எங்கே?"

"இழைத்துவிட்டார்கள்."

கோர்ட்டில் சிலர் சிரித்தார்கள்.

"சரி. பகலில்தான் போயிற்று என்றே வைத்துக்கொள்வோம். எடுத்தது யார்?"

நான் வாயைத் திறந்தேன். எதிர்க் கூண்டிலிருந்து பேயாண்டி என்னைப் பார்த்தான். அதற்கு முன் நான் அவனைப் பார்த்ததே இல்லை. ஒல்லியான மனிதன், கரி ஏறிய நகங்கள். கதவோரத்தில் அன்னக்கொடி நின்றாள். அவளுக்குப் பின்னால் சிவனாண்டி. இரண்டே வார்த்தை போதும்: அவருடைய மகள். எனக்குக் கண்ணாடிக்குள் சிறுத்த அந்தக் கண்கள்தான் தெரிந்தன.

"சாட்சிக்குத் தெரியாதா?"

நான் பேசவில்லை. எதிராளிதான் பேசினார். "வேறு கேள்வி இல்லை."

ரேகைக்காரன் வழக்கு, முடிக்க அரை மணி ஆகவில்லை. ராதாரிச் சீட்டில் இருந்த நேரம் பகலுக்கு உரியது, களவு நடந்தது இரவில் என்று மாஜிஸ்டிரேட் எழுதினார்.

வாசல் படியில் அன்னக்கொடி என்னைத் தாண்டிப் போனாள். திட்டவில்லை. சிவனாண்டி மட்டும் நின்றான்.

"வெளிச்சம் தண்ணிக்குள்ள போனா மடங்கும்னு சொன்னீக" என்றான். "நீங்க எதுக்குள்ள போயி மடங்குனீக பாய்?"

கடைச் சாவியை என் சட்டைப் பையில் போட்டுவிட்டுப் படியிறங்கினான்.

பேயாண்டிக்குக் களவுக்கு இரண்டு வருஷம், சாவடியில் ஆஜராகாததற்கு மூன்று மாதம். முழுவதையும் அனுபவித்துவிட்டு வந்தான். நெஞ்சு நோயோடு வந்ததால் அதிக நாள் இருக்கவில்லை. அன்னக்கொடி மாடுகளை விற்றுவிட்டு மதுரையில் ஒரு பஞ்சாலையில் கழிவுப் பஞ்சு பொறுக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். இரண்டு பிள்ளைகளை அதிலேயே வளர்த்தாள். சிவனாண்டி என் கடைக்கு மறுபடி வரவில்லை. போடிப் பக்கம் ஏலத்தோட்டத்தில் இருந்தான் என்றும், கைரேகைச் சட்டம் எடுபட்டபோது உயிரோடு இருந்தான் என்றும் கேள்விப்பட்டேன். அப்துல் வஹீது நாலு வருஷம் கழித்து இறந்தார், ஜனாஸாவுக்குப் போனேன். நஜ்முன்னிசாவைத் திருநெல்வேலிப் பக்கம் ஒருவருக்கு இரண்டாம் தாரமாகக் கொடுத்தார்கள். அவள் கண்ணாடி போடுவதை விட்டுவிட்டாளாம். பதக்கம் யாரிடமும் கிடைக்கவில்லை. அந்தக் கல்யாணம் வேறு பதக்கத்தோடு நடந்தது. நான் இன்னும் கண்ணாடி தேய்க்கிறேன். வக்கீல்கள் யாரும் என்னைத் துப்புக்குக் கூப்பிடுவதில்லை.